கம்பி வழியே மெல்ல வந்த கடல்

கடலை ஒருநாளும் குறைத்துப் படம் பிடிக்காத என் பிரியமானவருக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. கொளவாய் ஏரி நிரம்பித் தளும்பி, இப்போது கரையோரச் சேறு காயத் தொடங்கியிருக்கிறது. ரயில் அதைக் கடக்கும் சத்தம் இன்னமும் தண்ணீருக்கு மேல் ஓடுவது போலத்தான் கேட்கிறது. வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான்தானே இருக்கிறேன்.

ஒரு செய்தி இருக்கிறது. நேரில், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியது. இத்தனை வருஷக் குடும்பத்தில் முதல் முறையாக, சாமான் வாங்குவதில் நீங்கள் செய்த ஒரு தப்பைக் கண்டுபிடித்திருக்கிறேன். தெரிந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்ல எழுந்து கூடம் வரைக்கும் வந்துவிட்டேன். அப்புறம் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

உங்கள் போனைப் பற்றியதுதான். எதை வாங்குவது என்று நீங்கள் ஆராய்ந்த மாதங்களை நான் மறப்பேனா? காலைக் காபியோடு லென்ஸ், மத்தியானச் சாப்பாட்டோடு திரை, ராத்திரி ரசத்தோடு உப்புக்காற்றைத் தாங்குமா தாங்காதா என்கிற கவலை. மூன்று கடைகளில் விற்பவர்களை அழவிடாத குறை. கடைசியில் இருப்பதிலேயே உசந்ததாக ஒன்றை வாங்கி வந்து, பெட்டியைத் திறக்கும் முன் கை கழுவிவிட்டு வந்தீர்கள்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கடலுக்காக. சதுரங்கப்பட்டினம் கோட்டையைத் தாண்டி, படகுகளை ஏற்றி வைத்திருக்கும் மணலுக்குக் கொஞ்சம் தள்ளி, முக்காலியில் போனை நிறுத்தி, விடியும் கடலை எடுப்பீர்கள். அதுவும் இருப்பதிலேயே பெரிய அளவில். "கொஞ்சம் சின்னதா எடுத்தா என்ன, எடம் மிச்சமாகுமே" என்று ஒரு முறை கேட்டேன். "கடலைக் கொறைச்சு எடுத்தா அது கொளம், ஸ்டெல்லா" என்றீர்கள். அதோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்தப் போனைத் துடைக்கும்போது பின்பக்கக் கண்ணாடி ஓரத்தில் என் நகம் நுழைந்தது. முதலில் என் நகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போன் பழுது பார்க்கும் சலீம் பாயிடம் எடுத்துப் போனேன்.

"இன்னாம்மா, முதுகைத் தூக்கிக்கினு கீது. பேட்டரி ஊதிப்போச்சு" என்றார்.

"மாத்த முடியுமா, முடியாதா?"

"மாத்தலாம். தொறக்கசொல்ல உள்ள எதுனா ஆயிடுச்சுன்னா என்னாண்ட சண்டைக்கு வரக்கூடாது. உள்ள இருக்கறத மொதல்ல எடுத்துகினு வந்துடுங்க. ஒயரைச் சொருகினா சார்ஜும் ஏறும், சூடும் ஏறும், இன்னும் ஊதும். அதனால டக்குனு முடிக்கணும்."

"ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன். இது உசந்த போன்."

"உசந்த போனுதாம்மா" என்று சொல்லி, அதை ஒரு பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

உங்கள் மேசைக் கம்ப்யூட்டரைத் துடைத்து, பெட்டியோடு வந்த ஒயரை எடுத்தேன். நீங்கள் நூல் போட்டுக் கட்டி வைத்தபடியே இருந்தது. சொருகினேன். ஒன்பது மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் பதினொன்று ஆகிவிட்டது. ஒரு கிலோ துவரம்பருப்பைக் கல் பார்த்து முடித்தேன். கோடு நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. போன் கொஞ்சம் தூங்கினாலும் எல்லாம் நின்றுவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து, காய்ச்சல்காரக் குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நெற்றியும் அப்படியேதான் சுட்டது.

ஒயர்தான் மோசம் என்று நினைத்தேன். படூரிலிருந்து உங்கள் தங்கை மெர்சி, பாம்பு மாதிரி தடித்த ஒரு புது ஒயரோடு வந்து இறங்கினாள். அதைச் சொருகினோம். அதே கோடு, அதே வேகம். மெர்சி தன் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒயர்ல ஒண்ணும் இல்ல. போனுக்குக் கீழ இருக்கே இந்த ஓட்டை, இதோட வேகமே இருவது வருஷத்துக்கு முந்தினது. நீங்க தங்கத்துல ஒயர் செஞ்சு போட்டாலும் இவ்ளோதான் வரும்."

"இவ்வளவு உசந்த போன்லயா?"

"செஞ்சவன் கேமராவுக்குக் காசைக் கொட்டியிருக்கான். வாசலை யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டான். ஆமா, அண்ணனா இதைப் பாக்காம வாங்கினாரு? எங்க அண்ணனா?"

நீங்கள்தான். கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் கேபிளோடு குடும்பம் நடத்தியவர். கருவி சொல்வதைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பிகள் உங்கள் பொறுப்பு. "காத்துல வர்றதை நம்பாதே, கம்பியில வர்றதை நம்பு" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறீர்கள். லென்ஸைச் சந்தேகப்பட்டீர்கள், திரையைச் சந்தேகப்பட்டீர்கள், கடைக்காரர்களின் நேர்மையைச் சந்தேகப்பட்டீர்கள். கம்பியைச் சந்தேகப்பட மட்டும் உங்களுக்குத் தோன்றவே இல்லை, இல்லையா?

எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை, செய்தவர்கள் மேல். கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், துணியின் மேல்பக்கப் பூவேலையைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டு உள்தையலைத்தான் பார்ப்பார். அங்கே நூல் தொங்கினால் பூவையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லுவார். நகை மாதிரி கண்ணாடியை இழைத்து, கடலையே உள்ளே வாங்கிக்கொள்ள இடமும் கொடுத்துவிட்டு, அது வெளியே வருவதற்கு ஊசித் துளையை விட்டிருக்கிறார்களே, இவர்களுடைய உள்தையலை யார் பார்த்தது?

மெர்சி ஒரு வழி சொன்னாள். "படூருக்கு வாங்க. எங்க வூட்டு நெட்டு பறக்கும். எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திட்டு நிம்மதியா உக்காருங்க."

"அவருக்கு அது பிடிக்காது. என் கடல் எவன் கம்ப்யூட்டர்லயோ எதுக்குக் கெடக்கணும்னு கேப்பாரு."

"அண்ணன் போயிட்டாரு. அவர் போட்ட சட்டம் மட்டும் ஜம்முனு உக்காந்திருக்கு. போன் வெடிச்சா சட்டத்தை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே நான் அவளுக்கு இடியாப்பம் வைத்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே அச்சு" என்று முனகிக்கொண்டே கிளம்பினாள். தடித்த ஒயரை விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் குடிலுக்கென்று சதுரங்கப்பட்டினத்திலிருந்து நீங்கள் அள்ளி வந்த மணல் தகர டின்னில் இருந்தது. அதை எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறிக்கு நேர் கீழே வைத்து, அதன்மேல் போனைப் படுக்க வைத்தேன். ஒரு மாதத்துக் கடலை மட்டும் எடுப்பது; ஒயரைக் கழற்றுவது; போன் ஆறும்வரை காத்திருப்பது; பிறகு அடுத்த மாதம்.

காத்திருக்கும் நேரத்தில், வந்து சேர்ந்ததைப் பெரிய திரையில் ஓடவிட்டேன். முதலில் சரிபார்க்கத்தான். ஆனால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மத்தியான வெயிலை வெளியே நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் வீட்டின் சுவர்களில் நீல வெளிச்சம் அசைகிறது. அலை வந்து மேசைக்காலைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தம் எங்கேயோ அடிவானத்துக்கு அந்தப் பக்கம். நான் கண்ணை மூடுகிறேனா திறந்திருக்கிறேனா என்பதுகூடச் சில நேரம் தெரிவதில்லை. ஒரு தரம் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன், புடவை நனைந்துவிடும் என்று.

உங்கள் குரல் இருக்கிறது, தெரியுமா? ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், வேலைக்குப் போனபோது கருவிக்குப் பக்கத்தில் நின்று சொல்வது போல: "காற்று தென்கிழக்கு. தண்ணி கலங்கல். ரெண்டு படகு." அப்புறம் நீண்ட நேரம் கடல். கடைசியில் எங்கேயோ தூரத்திலிருந்து ஒரு பெண் குரல்: "ஏங்க, காபி ஆறுது." காரில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துகிற நான். அந்தக் குரலுக்கு வயது ஏறிக்கொண்டே போவதையும் கேட்டேன். நீங்கள் ஒரு தடவைகூட அதை வெட்டி எடுக்கவில்லையே, ஏன்?

மெர்சி தினமும் போன் செய்தாள். "எதுலேர்ந்து எடுக்கறீங்க அண்ணி?"

"முதல்லேர்ந்து. வரிசையா."

"ஐயோ, கடைசியா எடுத்ததையில்ல மொதல்ல எடுக்கணும். அதுதானே வேணும் நமக்கு?"

வரிசை என்றால் வரிசை என்று சொல்லி வைத்துவிட்டேன். கடைசி ஞாயிறு எனக்கும் வேண்டும். ஆனால் அதற்கு முந்தின ஞாயிறுகள் எல்லாம் வந்து உட்காராமல் அதை மட்டும் எப்படிக் கூப்பிடுவது?

அதற்குள் கண்ணாடி விரலளவு தூக்கிவிட்டது. கடைசி மாதம் மட்டும் உள்ளே இருந்த அன்று, போனிலிருந்து லேசாக ஒரு தித்திப்பு வாசனை வந்தது. மெர்சி கூப்பிட்டபோது அதைச் சொன்னதும், "விட்டுடுங்க அண்ணி, போதும். கையில வெடிச்சா நான் அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்" என்று அழ ஆரம்பித்தாள். ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தேன். ஒயரைச் சொருகினேன்.

ஒன்று வந்தது. இன்னொன்று. பிறகு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கோடு பாதியில் வந்து நின்றது. நான் அதை அதட்டவில்லை. போனைத் தட்டிக்கொடுத்தபடியே, அந்தக் குடில் மணலின் சூட்டில் விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கோடு அசைந்தது. மெல்ல, மிக மெல்ல, மறுகரை போய்ச் சேர்ந்தது. ஒயரைப் பிடுங்கி, போனை அணைத்து, மணலில் மூடி வைத்தேன்.

அடுத்த நாள் சலீம் பாய் திறந்தார். பேட்டரியை மாற்றியும் அது விழிக்கவில்லை. "கண்ணை மூடிடுச்சும்மா. மன்னிச்சிடுங்க" என்றார்.

"பரவாயில்லை. உள்ள இருந்தது வந்திடுச்சு."

"அப்படி இன்னாம்மா இருந்துச்சு, இம்மாம் பாடு பட்டீங்க?"

"கடல்" என்றேன். அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கடைசி ஒன்றைப் பார்க்க மூன்று நாள் ஆயிற்று எனக்கு. நீங்கள் மணலில் நடக்க முடியாத ஞாயிறு அது. காருக்குள்ளிருந்தே எடுத்திருக்கிறீர்கள். முன்கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறது. அதற்கப்பால் ஒரு கோடு மாதிரி கடல். அன்றைக்குக் காற்றைச் சொல்லவில்லை, படகைச் சொல்லவில்லை. நம் இரண்டு பேர் மூச்சுதான் கேட்கிறது. பக்கத்திலிருந்து என் குரல், "முடிஞ்சுதா?" என்கிறது.

"இன்னும் கொஞ்சம்" என்கிறீர்கள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் கடல் மட்டும் வந்து வந்து போகிறது. முழு அளவில், கொஞ்சமும் குறைக்காமல்.

இப்போது எல்லாம் ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. இன்னொரு பிரதி எடுத்து மெர்சிக்குத் தருகிறேன். கம்பி வழியாகவேதான், பயப்படாதீர்கள். இனி இந்த வீட்டுக்குப் போன் வாங்கினால், லென்ஸைப் பற்றிப் பேச வாயைத் திறப்பதற்கு முன் கடைக்காரர் எனக்கு அந்தக் கீழ்த்துளையைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும்.

வருகிற ஞாயிறு மெர்சி கார் எடுத்துக்கொண்டு வருகிறாள். சதுரங்கப்பட்டினத்தில், உங்கள் இடத்தில் முக்காலியை நிறுத்தப் போகிறேன். என் சின்னப் போனில் கடல் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எப்படி, எத்தனை படகு என்று நானே சொல்கிறேன். காபி ஆறினால் ஆறட்டும். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வருவேன்.

கம்பியை இன்னும் நம்புகிற,
உங்கள் வீட்டுக்காரி
ஸ்டெல்லா