என் சுங்க எண்ணில் உங்கள் பெட்டி

இன்சொன்
2019 மார்ச் 6

மதிப்பிற்குரிய தாக் மி-சுன் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். விவாகரத்து முடிந்து எட்டு மாதம் கழித்து எழுதக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து நீங்கள் வரவழைத்த காப்பி அரைக்கும் இயந்திரம் என் சுங்க எண்ணில் வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் வரவழைக்க ஆளுக்கொரு எண் கொடுத்திருப்பது எதற்கு? அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் என் எண்ணும் கைப்பேசி எண்ணும் அப்படியே கிடக்கின்றன போலும். நூற்றைம்பது டாலரைத் தாண்டியதால் சுங்க வரியும் மதிப்புக் கூட்டு வரியும் கட்டச் சொல்லி எனக்குச் செய்தி வந்தது. கட்டிவிட்டேன். இல்லையென்றால் கிடங்கிலேயே கிடக்கும். எண்ணை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
பியோன் சாங்-கில்

யோசு
மார்ச் 12

அன்புள்ளவருக்கு,

பத்தொன்பது வருஷம் வாய் நிறைய 'நீ, வா, போ' என்றவர் இப்போது 'அவர்களுக்கு' என்கிறீர்கள். படித்துச் சிரித்துவிட்டேன். எண் விஷயம் என் மறதி. வரிப் பணம் உறையில் இருக்கிறது. கடுகுக்கீரைக் கிம்ச்சி தனியாக அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாள் வெளியில் புளிக்கவிட்டு அப்புறம் குளிர்பெட்டியில் வையுங்கள். நான் அக்கா கடையில் சோயாச் சாற்றில் நண்டு ஊறப்போடுகிறேன். உங்கள் இருமல் எப்படி? அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மி-சுன்

இன்சொன்
செப்டம்பர் 28

மி-சுன் அவர்களுக்கு,

மறுபடியும் வந்திருக்கிறது. கோட்டு ஒரு பெட்டி, காலணி ஒரு பெட்டி. தனித்தனியே வந்திருந்தால் இரண்டுக்கும் வரி இல்லை. ஒரே நாட்டிலிருந்து ஒரே நாளில் வந்து இறங்கியதால் சேர்த்துக் கூட்டி வரி போட்டுவிட்டார்கள். சுங்கத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவனோடு குடும்பம் நடத்தியவருக்கு இது தெரியாதா? சாப்பிடும்போது எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் நோ என்கிற தம்பி செய்தியைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பொண்டாட்டிய விட்டுட்டீங்க, நம்பர விடலியா?" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அக்டோபர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, இந்த எண்ணை ரத்து செய்து புதிது வாங்கப் போகிறேன். அதன்பிறகு உங்கள் பெட்டி எதுவும் என்னிடம் வராது. நமக்குள் எழுதிக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது.

இருமல் பரவாயில்லை. கிம்ச்சி தீர்ந்துவிட்டது.

சாங்-கில்

யோசு
அக்டோபர் 2

அன்புள்ளவருக்கு,

ரத்து செய்வதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கென்று ஓர் எண் போன வருஷமே வாங்கிவிட்டேன். உங்கள் எண்ணைத் தெரிந்தேதான் போட்டேன். இரண்டும் ஒரே நாளில் இறங்கட்டும் என்று கோட்டுக்காரனைப் பன்னிரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொன்னதும் நான்தான். நீங்கள் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

நடுவில் சின்னச் சாமான் மூன்று தருவித்தேன். வரி இல்லை, நீங்களும் எழுதவில்லை. பிள்ளை குட்டி இருந்தால் அதைச் சாக்கிட்டாவது எழுதுவீர்கள். வரியை விட்டால் நமக்கு வேறு என்ன சாக்கு?

அந்த இயந்திரம் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. "காப்பி வாசனையே ஆவாதவளுக்கு இது எதுக்குடி? யாருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்று அக்கா வாயைக் கிளறுகிறாள். வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். இனி என்னால் தொந்தரவு இருக்காது.

மி-சுன்

இன்சொன்
அக்டோபர் 8

மி-சுன்,

நேற்று கணினியில் எண்ணை ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்தேன். காரணம் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. 'வேறொருவர் தவறாகப் பயன்படுத்துகிறார்' என்று அடித்தேன். அப்புறம் அழித்தேன். மத்தியானம் சாப்பிட்டு வந்து பக்கத்தை மூடிவிட்டேன். எண் பழையதுதான்.

சின்னச் சாமானுக்கும் எனக்குச் செய்தி வந்தது. முழங்கால் பட்டை, வெந்நீர்ப் பை, கண்ணாடிக் கூடு. கால் ரொம்ப வலிக்கிறதா என்று கேட்கத்தான் நினைத்தேன். வரி இல்லாமல் எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன். மடத்தனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். காப்பிக் கொட்டை வாங்கி வருகிறேன். பெட்டியை நீ பிரிக்காதே, நான் வந்து பிரிக்கிறேன்.

சாங்-கில்