நுரை அடங்கிய காப்பி

அம்மிணி,

இன்றைக்குச் சேலம் கடைவீதியில் நனைந்த மரத்தூள் வாசம் அடித்தது. புதிதாகத் திறந்த கூல்டிரிங்க் கடை வாசலில் ஐஸ் பாளத்தை இறக்கிச் சாக்கை உரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டேன். வெயிலுக்கு ஏதாவது குடிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் உள்ளே அழைத்துப் போனார். மேசை மேல் மின்சாரத்தில் சுழலும் கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. கடைக்காரர் கேட்டார்: "காப்பியில ஐஸ் மெதக்க விட்டுத் தரட்டுங்களா, சேத்து அடிச்சுத் தரட்டுங்களா?"

நீ கேட்க வேண்டிய கேள்வியை எவரோ கேட்கிறார். சேர்த்து அடிக்கச் சொல்லி வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் உனக்கும் எனக்கும் ஒரே சுவர். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்குக் கருப்பட்டிக் காப்பி தவிர ஒன்றும் தெரியாது. உன் வீட்டுக்காரர் ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் சமையல்காரர். சித்திரை வெயிலில் ஒரு நாள் அவர் சாக்கில் சுற்றி ஐஸ் கொண்டுவந்தார். நான் ஆசையாக ஒரு கட்டியை என் காப்பியில் போட்டு உறிஞ்சினேன். நீ சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "அது காப்பி இல்ல அம்மிணி, காப்பி குளிச்சிட்டுப் போன தண்ணி" என்று, நான் உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய்.

காப்பி விஷயத்தில் உனக்கு ஈவிரக்கமே கிடையாது. ஆறின காப்பி கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி, கிட்டேயே போகக்கூடாது. ஐஸ் மிதக்கும் காப்பி முதல் வாயில் கசக்கும், கடைசி வாயில் வெறும் தண்ணீர். துரைமார் கிளப்பில் மேலே ஐஸ்கிரீம் உருண்டை வைத்துத் தருவார்களாமே, அது கரண்டியால் தின்கிற பலகாரம், காப்பிக் கணக்கிலேயே வராது. உன்னுடையதுதான் காப்பி. திக்கான டிக்காஷனில் சூட்டோடு சர்க்கரையைக் கரைத்து ஆறவிடுவாய். சுண்டக் காய்ச்சி ஆற வைத்த பால், துணியில் கட்டி உலக்கையால் நொறுக்கிய ஐஸ், எல்லாம் ஒரே பித்தளைச் செம்பில். நான் செம்பைப் பாதங்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிப்பேன். நீ மத்தால் கடைவாய். ஐஸ் செம்பில் மோதும் சத்தம் நிற்கும்வரை விடமாட்டாய். நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். ஒரு நாள் நான் பேச்சு சுவாரசியத்தில் டம்ளரை வைத்துக்கொண்டே இருந்தேன் என்று, அதைப் பிடுங்கி முருங்கை மரத்து அடியில் ஊற்றினாய், ராட்சசி.

எங்கள் ஊரில் பெரியவர், குழந்தை எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். உனக்கு அது வேடிக்கை. வேதக்காரர்களான உங்களுக்கு மாதா கோவில் சிலுவையில் இருக்கிற ஒருத்தர்தான் சாமி என்பாய். நான் எத்தனை தடவை கெஞ்சியும் என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை.

அப்புறம் உன் தொண்டையில் அந்தக் கட்டி வந்தது. சோறு இறங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. கடைந்த காப்பி மட்டும் குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. செம்பை இப்போது உன் வீட்டுக்காரர் பிடித்தார், நான் கடைந்தேன். சத்தம் நின்றதா என்று நீ படுக்கையிலிருந்தே காது கொடுப்பாய். சரி என்று கண்ணால் சொன்ன பிறகுதான் ஊற்றுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்கு நன்மை கொடுக்க மாதா கோவில் சாமியாரை அழைத்துவர உன் வீட்டுக்காரர் சைக்கிளில் போயிருந்தார். நான் தனியாகவே கடைந்து எடுத்துவந்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. சாமியார் கையால் நாக்கில் அப்பம் வாங்குவதைத்தான் நன்மை வாங்குவது என்பீர்கள்; அந்த நாளில் அதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று உன் அம்மா வளர்த்திருந்தார்கள். நாக்கு வெடித்திருந்தது உனக்கு. நான் காலைப் பிடிக்காத குறை. "ஒரே ஒரு வாய் குடி அம்மிணி. உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாருங்க" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

சாமியார் வேறொரு ஊரில் அடக்கத்துக்குப் போயிருந்தார். வந்து சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. அதற்குள் டம்ளரில் நுரை போய், ஐஸ் கரைந்து, மேலே வெளிறிய தண்ணீராக நின்றது. அவர் டம்ளரைப் பார்த்தார், உன் உதட்டைப் பார்த்தார். "நோயாளி எப்ப வேணும்னாலும் குடிக்கலாமேம்மா. அந்தச் சட்டத்தை மாத்தி ரொம்ப நாளாச்சே" என்றார். குரலில் கண்டிப்பே இல்லை. அவரும் கலங்கித்தான் போனார். கோவிலில் சொல்லியிருப்பார்கள், அம்மா சொன்னதுதான் உன் காதில் நின்றது.

நன்மை வாங்கினாய். அவர் போனதும் டம்ளரைக் காட்டினாய். இரு, ஓடிப்போய் வேறு ஐஸ் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எந்தக் காப்பியை முருங்கைக்கு ஊற்றுவாயோ அந்தக் காப்பியைக் கரண்டியால் ஊட்டினேன். இரண்டு வாய் இறங்கியது. "நல்லாருக்குது சாமி" என்றாய்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நீ இல்லை.

எல்லாரும் சொன்னார்கள், புண்ணியமான சாவு என்று. எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. நீ தாகத்தோடு கிடந்ததில் யாருக்கு என்ன கிடைத்தது? உன் சாமிக்கா, என் சாமிக்கா? யாரைக் கேட்டாலும் காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆற்றவில்லை. உன் வீட்டுக்காரர் ஊரை விட்டே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள், நல்லவர்கள்தான். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டால் நான் கொல்லைப்புறம் போய்விடுகிறேன். சாமி கும்பிடுகிறேன், கை கூப்புகிறது, அவ்வளவுதான்.

இன்றைக்குக் கடைக்காரர் கொண்டுவந்து வைத்தது நீ கடைந்தது மாதிரியே இருந்தது. டம்ளர் விளிம்பு வரைக்கும் நுரை. நான் தொடவில்லை. குடியேன் என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்துவிட்டு, தன்னுடையதைக் குடித்து முடித்தார். நுரை அடங்கி, மேலே தண்ணீர் தெளிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்துக் குடித்தேன், இரண்டு வாய்.

நல்லாயில்லை, அம்மிணி. அன்றைக்கும் நல்லாயிருந்திருக்காது.