ஒரு வாய் ஜம்ஜம்

அன்புள்ள அத்தானுக்கு,

மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறீர்களா? நான் நலம்.

மதுரையில் நான் துணைக்குப் போகும் இதய நோயாளி பாதுஷா பாய்க்கு இனி வேதனையைக் குறைக்க மட்டுமே மருந்து. நேற்று அவர் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரைக் கேட்டார். ஒரு வாய் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லியும், மனைவி அஜ்மல் பீவி புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“மவுத்து நேரத்துல, உசிரு போறப்ப ஊத்துற தண்ணி, டீச்சர். இப்ப ஊத்துனா நானே அனுப்பி வச்ச மாதிரி ஆயிரும்.”

பாய்க்கு மூச்சு இரைத்தது. நான் ஒரு தம்ளரை எடுத்து பீவியிடம் நீட்டினேன்.

“ஹஜ்ஜுக்குப் போயிட்டு வர்றவங்க எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் கொடுப்பாங்களே. முதல்ல எனக்கு ஊத்துங்கக்கா.”

நான் குடித்தேன். பீவியும் குடித்தார். பிறகு கணவரின் தலையைத் தாங்கி ஊட்டினார்.

“இம்புட்டுதானா?” என்றார் பாய். பீவி சிரித்துக்கொண்டே அழுதார்.

உங்கள் போர்வையை அனுப்பி வையுங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை இருக்கட்டும். நர்ஸின் வேன் வந்துவிட்டது.

நாகஜோதி