மடைக்கல்லில் பூஜ்யத்துக்குக் கீழே

1969, தை 9, புதன்

வெயில். பனிகூட இல்லை. கண்மாய் அளவு: 0. மடைக்கல்லில் போட்டிருக்கும் அளவுக்கோட்டைப் பார்த்து தினம் நோட்டில் எழுதுவது என் வேலை. ஏழு நாளாக 0. தண்ணீர் மடைவாய்க்குக் கீழே கிடக்கிறது, தானாகப் பாயாது. மேல்வயல்காரர்கள் கூடை போட்டு இறைக்கிறார்கள். நம் வயல் கடைமடை, ஆயில் எஞ்சின் வைத்தால்தான் எட்டும். யூனியன் ஆபீசில் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சேர்த்து இருப்பது ஒரே எஞ்சின்.

பெண்டாட்டி பாண்டியம்மா விடவில்லை. "கதிரு பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு தண்ணி போதும். எஞ்சின் எப்ப வருமாம்? போய்க் கேளுங்க."

சைக்கிள் டியூப் ஒட்டவேண்டும்.

தை 10, வியாழன்

பஸ்ஸில் ஆபீசுக்கு. கிளார்க் என் நோட்டைப் புரட்டினார். "ஒங்க கண்மாயில ஏழு நாளாத் தண்ணி எறங்கவே இல்லயே. ஒரே அளவால்ல இருக்கு. எறங்குற ஊருக்கு எஞ்சின அனுப்பிட்டாக."

அவர்மேல் என்ன தப்பு? கல்லில் பூஜ்யத்துக்குக் கீழே கோடில்லை. நானும் அங்கேயே நின்றுவிட்டேன். மடையன்.

திரும்பும்போது பஸ்ஸில் அதே நினைப்பு. ஆடு மூன்று இருக்கும், ஒன்று இருக்கும், ஒன்றுமில்லாமலும் போகும். அதற்குக் கீழே ஆடு கிடையாது. தண்ணீருக்கு உண்டு.

தை 11, வெள்ளி

சேற்றில் இறங்கி, மடைவாயிலிருந்து கீழ்நோக்கி அளந்தேன். ஒன்பது அங்குலம். −9 என்று எழுதினேன். சாயங்காலம் −11.

பாண்டியம்மா எட்டிப் பார்த்தாள். "ஒம்பதவிடப் பதினொண்ணு கூடத்தான? தண்ணி ஏறிருச்சா?"

"முன்னால கோடு போட்டா அப்படியில்ல, மடைவாய்க்குக் கீழன்னு அர்த்தம். எண்ணு பெருசாகப் பெருசாகத் தண்ணி கொறயுது."

"இத அன்னைக்கே எழுதுறதுக்கென்ன?"

மறுபடி கண்மாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்குப் போனேனோ.

தை 12, சனி

−14. முதல் பஸ்ஸில் நோட்டோடு போனேன். கிளார்க் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்பத்தான் வெளங்குது. திங்கக்கெழம வரும்யா."

டீ குடித்தேன்.

தை 14, திங்கள்

எஞ்சின் வந்தது. முக்கால் மணி நேரம் ஓடியது. மேல்வயல் நனைந்தது. அப்புறம் குழாயில் சேறு, எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். நம் வாய்க்காலில் ஈரம்கூட இல்லை. அந்த ஏழு நாளில் இறங்கிப்போன தண்ணீர் இருந்திருந்தால் எட்டியிருக்கும்.

பாண்டியம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தை 15, செவ்வாய்

−19. பாண்டியம்மா, கதிர் வந்த பயிரை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருக்கிறாள்.