வாலு கச்சேரிக்குப் போன கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நாயும் பூனையும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் எப்போதும் போல ஆமாம் என்பாய். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் அந்தச் சுருட்டைத் தலையன் பேச்சை எடுத்தாலே விடும்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி. பூனை அப்பாவின் சட்டை அலமாரிக்குள் குட்டி போட்டிருக்கிறது. அதுகளை எழுப்ப மனசு வராமல் அவர் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார். உன் நாய் வாலு கொஞ்சம் குண்டாகிவிட்டது, குறும்பு மட்டும் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சுருட்டைத் தலையன் நகரத்துப் பெரிய பூங்காவில் கச்சேரி செய்யப்போகிறான் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து சொன்னாள். உன் குழுவில் கிதார் வாசித்தவன், நம் வீட்டுச் சோற்றைத் தின்றவன், நீ வயலினில் போட்ட மெட்டைப் போனில் பதிந்துகொண்டு போய்த் தன் பெயரில் வெளியிட்டவன். அவன் பேரும் புகழும் வாங்கினான், நீ வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கண்காணாத ஊருக்கு வேலைக்குப் போனாய். அந்தப் பாட்டு ரேடியோவில் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். முன்வரிசையில் போய் உட்கார்ந்து, கண் இமைக்காமல் முறைத்து, அவனைத் தாளம் தப்ப வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். நாயைக் கூட்டிப்போக நினைக்கவே இல்லை. தையல்காரிதான் பூனையை வேண்டுமானால் பார்த்துக்கொள்கிறேன், உன் நாய் என் துணியை எல்லாம் கடித்துக் குதறிவிடும் என்று கையை விரித்துவிட்டாள்.

நகரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் பையன் ஆள் ஏறுவதற்குள் விசில் கொடுத்தான், நான் கண்டக்டர் வேலையில் இருந்தபோது இப்படிச் செய்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள் என்று அவனுக்கு ஒரு பாடம் எடுத்தேன், அப்பா என்னைத் தெரியாத ஆள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே ஒரு கடையில் படிக்கட்டு தானாக நகர்ந்தது, வாலு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே போக, கீழே நின்றவர்கள் எல்லாம் படம் பிடித்தார்கள். பிறகு மூன்று பேரும் ஐஸ்கிரீம் தின்றோம். பழிவாங்கப் போறவ ஐஸ்கிரீம் சாப்பிடலாமா என்று அப்பா கேட்டார், தெம்பு வேணாமா என்றேன். அத்தனை கோபத்திலும் அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன்.

கச்சேரி புல்வெளியில்தான், நாயோடு வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மற்ற பாட்டெல்லாம் நன்றாகவே இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சல். கடைசியில் உன் மெட்டை எடுத்தான். வாலுவின் காது விறைத்தது, எழுந்து நின்றுவிட்டது. நீ இந்த மெட்டை வயலினில் பழகும்போது அது உன் பாதத்தின் மேலேயே படுத்துக் கிடக்குமே, முடிவு வந்ததும் ஒரு குரை குரைக்கும், நீ பிஸ்கட் கொடுப்பாய். ஆனால் அந்த முடிவை நீ போட்டது அவன் பதிந்துகொண்டு போன பிறகு. அவனிடம் முடிவு ஏது? முதல் வரியையே இரண்டு தரம் வாசித்துவிட்டு நிறுத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள், வாலு மட்டும் ஏமாந்துபோய் விடாமல் குரைத்தது. அவன் மைக்கில் சிரித்துக்கொண்டே, என் பாட்டு நாய்க்குக்கூட பிடிச்சிருக்கு பாருங்க என்றான். என் பாட்டு என்றானே, அதில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று, அந்தக் காலத்தில் பஸ்ஸை நிறுத்த வாயால் அடித்த அதே விசிலில் உன் முடிவை முழுசாக அடித்தேன். வாலு டக்கென்று ஒரு குரை குரைத்துவிட்டு உட்கார்ந்து என் கையைப் பார்த்தது. சனம் சிரித்தது. மறுபடி அடித்தேன், மறுபடி ஒரே குரை. மேடையில் இருந்த வயலின்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தார், மெட்டோடு அப்படியே போய் ஒட்டியது. சிரிப்பு நின்றுவிட்டது. யாரு போட்டதும்மா இது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். என் பொண்ணு போட்டதுங்க, மொத்தப் பாட்டும் அவளுதுதான், நாய்க்கே தெரியும் என்று பஸ்ஸின் பின்சீட்டு வரை கேட்கிற என் பழைய குரலில் சொன்னேன். சுருட்டை குனிந்து கிதார் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தான், கம்பி அறுந்தது.

முடிந்ததும் பின்னாலேயே ஓடி வந்தான். அம்மா, அவ நம்பர் கொடுங்க, பேரைப் போட்டுடறேன் என்றான். பேரு தெரியுமில்ல, போடறதுக்கு நம்பர் எதுக்கு என்றேன். அவன் கம்பி அறுந்ததை நினைத்து நினைத்து பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அப்பா மெதுவாக, அவன்கிட்ட இல்லாதது அந்த முடிவு ஒண்ணுதான், அதையும் எல்லார் எதிர்லயும் ரெண்டு தரம் விசிலடிச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கியே என்றார். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. புல்வெளி முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அவன் ஆட்களும் இருந்திருப்பார்கள்.

அதனால் கேள் மகளே. விடும்மா என்று சொல்லாதே, என்னால் விட முடியாது, உன்னையும் விடச்சொல்ல மாட்டேன். பெட்டியைத் திற. அவன் அந்த முடிவைச் சேர்த்து வெளியிடுவதற்குள் நீ உன் பாட்டை உன் பெயரில் முழுசாக வாசித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி போட்டுவிடு. ஆசையோடு வாசிக்க முடியாவிட்டால் ஆத்திரத்தோடு வாசி, எனக்கு இரண்டும் ஒன்றுதான். நீ நல்லா இருக்கணும், உன்னை அழவைத்தவன் உன் பெயரைச் சொல்லித்தான் இனி மேடை ஏறணும், இதுதான் என் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. கை பழக்கம் விட்டுப்போச்சு என்று சாக்குச் சொல்லாதே, நன்றாக வாசிக்க வேண்டாம், சீக்கிரம் வாசி.

வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காத
உன் அம்மா