கம்பத்தில் உன் முகம்

லோவெச்,
வியாழக்கிழமை

அன்புள்ள அசென் அண்ணனுக்கு,

மின்கம்பத்தடியில் இரண்டு சிவப்புக் கார்னேஷன் பூக்கள் கிடந்ததைத்தான் காலையில் முதலில் பார்த்தேன். ஒன்று என்றால் யாரோ தவறவிட்டது என்று நடந்திருப்பேன். இரட்டைப்படையில் பூ வைத்தால் அது செத்தவர்களுக்கு. நிமிர்ந்தேன். கம்பத்தில் உன் முகம்.

உன் கச்சேரி போஸ்டர்தான். எழுத்து ஒல்லியாக, உயரமாக, பழைய தேவாலயச் சன்னல்போலக் கூராக இருக்க வேண்டும், கறுப்பு வெள்ளை போதும் என்று நீ சொல்லியனுப்பியபடியே அச்சகத்துக் கணினியில் அமைத்தேன். உன் முழுப்பெயரும் ஒரே வரியில் பெரிதாக அடங்கியது. "இதை ஒயின் பாட்டில்ல ஒட்டினா புளிச்ச ஒயினும் வித்துப்போகும்" என்று முதலாளி ஸ்தொயில் சிரித்தார். ஆனால் நம் ஊர்க் கம்பங்களில் படமும் பெயருமாகக் கறுப்பு வெள்ளையில் எதை ஒட்டுவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மரண அறிவிப்புகளுக்கு நடுவே நீயும் இருக்கிறாய். கீழே பொடி எழுத்தில் சனிக்கிழமை, கலாச்சார மன்றம் என்று இருப்பதை அடக்கத்துக்கான நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா, செத்தவர்களுக்குப் படைக்கும் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைத் தட்டில் கொண்டுவந்துவிட்டாள். "என்னடி ஆச்சு அவனுக்கு? அந்தப் பாழாப்போன பைக்கா?" என்று கேட்டாள். ஆள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். தலைகுனிந்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மதியத்துக்குள் சேதி ரொட்டிக்கடை வரை போய்விட்டது.

அம்மா நாளைச் சாயங்காலம் கிரீஸிலிருந்து வருகிறாள். நெஞ்சுவலி மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டுதான் அலைகிறாள். பேருந்து நிலையத்திலிருந்து வீடு வரை கம்பங்கள். கிழிக்கப் போனேன். பசை விடவில்லை. பெயர் கிழிகிறது, முகம் அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் சுரண்டினாலும், எதிரே வந்து அழுகிறவர்களை என்ன செய்வது?

வார்னாவில் நீ தங்கியிருக்கும் வீட்டில் போனை எடுப்பாரில்லை. அதனால் வார்னா பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒத்திகையை விட்டுவிட்டு வா அண்ணா. நிலையத்தில் அவள் இறங்கும் படிக்கு நேரே வந்து நில். அவள் கண்ணில் முதலில் நீதான் பட வேண்டும். நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் தங்கை,
ருமியானா

பின்குறிப்பு: பேருந்து கிளம்ப நேரமிருந்ததால் உறையை ஒட்டாமல் ரொட்டிக்கடைக்குப் போய்வந்தேன். வரிசையில் நின்றவர்கள் துக்கவீட்டுப் பெண் என்று வழிவிட்டார்கள். "எங்க அண்ணன் சாகலை. சனிக்கிழமை பாடுறான்" என்றேன். காதில் விழவில்லை என்றாள் கடைக்காரி. ரொட்டிப் பெட்டிமேல் ஏறி நின்று இன்னொரு தரம் சொன்னேன்.