படிக் கொழுக்கட்டை

1953 ஆகஸ்டு 3, திங்கள். கர்க்கடக மாச மழை விடவில்லை.

இன்று சின்னவள் முதன்முதலாகக் கூடத்துப் படியைத் தவழ்ந்து தாண்டினாள். வழக்கப்படி கொழுக்கட்டை பண்ணினேன். மூத்தவள் தாண்டிய அன்றும் மாவு இடித்து வைத்திருந்தேன். மாமனார், "பொண்ணு படி தாண்டினா அதையும் கொண்டாடுவாளோ?" என்று கேட்டு, அந்த மாவைப் பசுவுக்கு வைக்கச் சொன்னார். நான் மறக்கவில்லை.

இப்போது பக்கவாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. உடம்பை இழுத்து இழுத்துத் தவழ்கிறார். இன்று வாசனை பிடித்து உள்ளறையிலிருந்து படிவரை வந்து கையை நீட்டினார். அடுத்த வீட்டு அம்மாளு மாமி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு கொழுக்கட்டையைப் படிக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்தேன்.

"தாண்டி வந்து எடுத்துக்கோங்கோ அப்பா. இன்னிக்கு உங்களுக்கும் விசேஷம்தான்."

"மதிடீ, போறும், பாவம்" என்றாள் மாமி. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர் தாண்டினார். வேஷ்டி அவிழ்ந்து படியிலேயே நின்றுவிட்டது. தலை குனிவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரோ கொழுக்கட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். குழந்தை கை தட்டுவதைப் பார்த்து, நல்ல கையால் தானும் தொடையில் தட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சின்னவள் சிரிக்கிற அதே சிரிப்பு.

மாவைப் பசுவுக்கு வைக்கச் சொன்ன மனுஷன் எங்கே போனார்? எனக்கு அவர்தான் வேண்டும்.

நாளைக்கு வைத்துப் பார்க்க இரண்டு கொழுக்கட்டையை மூடி வைத்திருக்கிறேன்.